மஞ்சள் பலூனின் சுற்றளவு

ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியைக்குப் பள்ளியில் 'பலூன் டீச்சர்' என்று பெயர். புத்தகத்தைத் திறந்தால்தானே பிள்ளைகள் தூங்குவார்கள்? அவர் திறக்கவே விடமாட்டார். காலி பாட்டில், உறிஞ்சுகுழல், மெழுகுவத்தி என்று வகுப்பறை பழைய சாமான் கடை மாதிரி இருக்கும். "அடுத்து என்ன, யானையைக் கொண்டுவந்து கட்டப்போறீங்களா?" என்று கணக்கு சார் கேலி செய்வார். அதையெல்லாம் டீச்சர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த முறை கொடுத்த வேலை சுலபமானது. வீட்டில் யாருக்கு நல்ல மூச்சோ அவரிடம் ஒரு பலூனை ஊதி வாங்கி, நூலால் வாயைக் கட்டிக் கொண்டுவர வேண்டும். அதை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தினமும் அதன் வயிற்றைச் சுற்றி நூல் பிடித்து, அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்ட வேண்டும். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காற்று கசியக் கசிய நூல் குட்டையாகிக்கொண்டே வரும்.

'பட்டாசு' என்று பிள்ளைகள் கூப்பிடும் சிறுமியின் மஞ்சள் பலூன்தான் எல்லாவற்றிலும் பெரியது. "எங்கப்பா ஒரே மூச்சுல ஊதினாரு!" என்று அவள் அடித்த தம்பட்டம் தாங்க முடியவில்லை. அப்பா லாரி ஓட்டுநர். அந்த வாரமே லாரி கவிழ்ந்து இறந்துபோனார்.

அவள் திரும்பி வந்தபோது மற்ற பலூன்களையெல்லாம் எடுத்தாகிவிட்டது. மஞ்சளை மட்டும் யாரும் தொடவில்லை. பையைக்கூட இறக்காமல் நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"டீச்சர், இதுல இருக்கறது எங்கப்பா காத்துதானே?"

"ஆமாம்மா."

"இதுவும் போயிடுமா?"

பதில் அவளுக்கே தெரியும், சொல்லிக்கொடுத்ததே டீச்சர்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் நாக்கு எழும்? "உன்னோடது கெட்டி ரப்பர் கண்ணு. போகாது" என்று சொல்லிவிட்டார். வகுப்பறையில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

ரப்பர் அந்தப் பொய்க்கு ஒத்துழைக்கவில்லை. பட்டாசு தினமும் பலூனுக்கு வலிக்காத மாதிரி மெல்ல நூல் பிடித்தாள். நூல் குறைந்துகொண்டே வந்தது. அவள் டீச்சரைத் திரும்பிப் பார்ப்பாள். டீச்சர் கரும்பலகையைத் துடைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் ஊதி வைத்தால் பிள்ளை நிம்மதியாக இருக்குமே என்று கட்டை அவிழ்த்தார். இறுக்கிப் பிடித்தும் காற்று 'புஸ்' என்று விரலிடுக்கில் வெளியேறியது. பதறிப்போய் வாயில் வைத்து ஊதிக் கட்டினார். அறிவியல் படித்தவர் செய்கிற காரியமா என்று கேட்கலாம். பாசம் வந்துவிட்டால் படிப்பு எங்கே நிற்கிறது? திருப்தியாகத்தான் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை பட்டாசு நூல் பிடித்தாள். சுவரில் கடைசியாக ஒட்டியிருந்ததைவிடப் புது நூல் நீளமாக இருந்தது. சந்தேகம் வந்தால் மறுபடி அள என்று கற்றுக்கொடுத்திருந்தார்களே, மறுபடி அளந்தாள். பிறகு திரும்பினாள்.

"ஊதினீங்களா டீச்சர்?"

"நீ வருத்தப்படக் கூடாதேன்னுதாம்மா..."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "குட்டியா ஆனாலும் அது எங்கப்பாவோடது மட்டும்தான் டீச்சர். இப்ப இதுல எது அவரோடது?"

உப்பையும் தண்ணீரையும், மணலையும் இரும்புத்தூளையும் எப்படிப் பிரிப்பது என்று அந்த வகுப்புக்குச் செய்து காட்டியவர் அவர். இந்தக் காற்றைப் பிரிக்கும் வழி எந்தப் பாடத்திலும் இல்லை.

பட்டாசு பலூனைக் கம்பியிலிருந்து அவிழ்த்தாள். "நீங்களே வெச்சுக்குங்க டீச்சர்" என்று மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளையின் அப்பாவை இரண்டாம் முறை சாகடித்தது தான்தான் என்று டீச்சருக்குப் பட்டது.