கட்டைவிரலில் ஈரம்

கம்பெனி வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷின் அன்றும் காஜா அக்காவின் கட்டைவிரலை ஏற்கவில்லை. “மீண்டும் முயலவும்” என்றது. இருபது வருஷமாகச் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, அடிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். விரலை ஊதினாள், துடைத்தாள், கன்னத்தில் தேய்த்தாள். ஊஹூம்.

“பழைய செருப்புத் தோலே இதைவிடப் பதமா இருக்கும்டி!” என்றாள் சூப்பர்வைசர். வரிசை சிரித்தது.

சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த நாத்தனார்தான். வீட்டில் “அண்ணி”, கம்பெனியில் “ஏய் காஜா”. விரல் பதியாதவர்களுக்கு இவள் கையெழுத்துப் போட்டால்தான் வருகை. வேண்டுமென்றே இழுத்தடிப்பாள். இன்னும் இரண்டு ஆப்சென்ட் விழுந்தால் காஜா அக்காவின் சீட்டு கிழிந்துவிடும்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாதவிடாய் நின்னு ஒரு வருஷமாச்சுல்ல? ஹார்மோன் குறைஞ்சா தோல் மெலிஞ்சு காய்ஞ்சு போகும். ரேகையும் சரியா பதியாது.”

“மருந்து இருக்கா டாக்டர்?”

“உடம்பு குப்புன்னு சுடுது, தூக்கமில்லன்னு சொன்னீங்களே, அதுக்கு இடுப்புல ஒட்டிக்கிற ஹார்மோன் ஒட்டுப்பட்டியும் மாத்திரையும் தர்றேன். தோலுக்குன்னு மட்டும் இதைக் கொடுக்கிறதில்ல. கொஞ்சம் தேறலாம், வாக்குறுதி தர மாட்டேன். தினமும் க்ரீம் தடவுங்க.”

வீட்டில் அந்த ஒட்டுப்பட்டிப் பெட்டி நாத்தனார் கண்ணில் பட்டது. மறுநாள் கம்பெனி முழுக்கத் தண்டோரா. “எங்க அண்ணி ஸ்டிக்கர் ஒட்டிக் குமரியாகப் போறாங்கோ!” காஜா அக்கா அன்றிலிருந்து ஸ்டிக்கர் அக்கா ஆனாள். தினமும் விரலில் க்ரீம் தடவிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, மெஷின் “நன்றி” என்றது. அக்காவுக்குக் கண் கலங்கியது. நாத்தனார் முகம் சுண்டிப்போனது.

அன்று மதியமே இஸ்திரி மேசையில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒட்டுப்பட்டி ஒன்று கிடைத்தது.

“ஏய் ஸ்டிக்கர், எழுந்திரு!” நாத்தனார் அதைத் தூக்கிக் காட்டினாள். “உன் இளமை உதிர்ந்து கிடக்குது, எடுத்துக்க!”

நாற்பது தையல் மெஷின்கள் நின்றன. காஜா அக்கா எழுந்தாள். இடுப்பருகே துணியை விரலகலம் விலக்கினாள். அவளுடைய பட்டி ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“என்னோடது இங்க இருக்கு. அப்போ அது யாரோடது?”

நாத்தனாரின் கை தன்னையறியாமல் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தது. அவ்வளவுதான். சிரிப்பு தையல் மேசைகளிலிருந்து இஸ்திரி மேசைவரை உருண்டது. காஜா அக்காவும் சிரித்தாள், மூன்று மாதச் சிரிப்பை ஒரே மூச்சில்.

மறுநாள் காலை விரலை வைத்தாள். “பதிவில் இல்லை” என்றது மெஷின்.

மீண்டும் வைத்தாள். பதிவில் இல்லை.

இத்தனை மாதத்தில் அது இப்படிச் சொன்னதே கிடையாது. பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் அந்த மெஷினின் சாவி ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், சாவியை விரலில் சுழற்றியபடி.

“ரேகை சுத்தமா அழிஞ்சு போச்சுபோல அண்ணி” என்றாள், கம்பெனியில் முதன்முறையாக முகத்துக்கு நேரே மரியாதையுடன். “வயசாகுதுல்ல? வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க.”