மூன்றாவது நாற்காலி

‘வட்டார வளர்ச்சியில் பல்கலைக்கழகத்தின் பங்கு’ என்ற ஒருநாள் கருத்தரங்கின் நன்றியுரை ஆறாவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தபோது, மேடையிலிருந்த மர நாற்காலிகள் துளிர்விட்டன. நன்றி சொல்ல எழுந்த பேராசிரியருக்கு, யார் பெயரையாவது விட்டுவிட்டால் பதவி உயர்வு போய்விடுமே என்ற பயம். துணைவேந்தரில் தொடங்கி மைக் செட்காரர் வரை வந்து முடிக்கப் போகும்போதெல்லாம் மேடையில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எண்பது கல்லூரிகளைக் கட்டி மேய்க்கும் அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை. போனால் நன்றி கிடைக்காதே. வட்டாரத்து ஆள் ஒருவரைக்கூட யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளுக்கு ஒரே கவலைதான். அவள் மகள் தாவரவியலில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். பட்டச் சான்றிதழில் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவரோ மேடையில் மூன்றாவது நாற்காலி. கையெழுத்தில்லாமல் எந்த வேலைக்கும் மனுப் போட முடியாது, முப்பது தாண்டினால் எவனும் சேர்க்க மாட்டான். மகளுக்கு அப்போது இருபத்தொன்பது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் சான்றிதழும் பேனாவுமாக விறுவிறுவென்று மேடையேறிவிட்டாள்.

“ஐயா, ஒரே ஒரு கையெழுத்து. பொண்ணுக்கு வயசு ஏறிட்டே போகுது.”

“நிகழ்ச்சி நடக்குதும்மா, தெரியலையா? முடியட்டும்.”

“இந்தக் கை சும்மாதானேய்யா இருக்கு?”

“கைதட்டணும்ல,” என்றார் அவர். அவர் மணிக்கட்டில் மரப்பட்டை படர ஆரம்பித்திருந்தது.

மகளுக்கு முப்பது முடிந்த அன்று, அம்மா கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள். அதற்குள் மேடையிலிருந்தவர்கள் கழுத்துவரை மரமாகியிருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப் பல்கலைக்கழகம் தினக்கூலிக்கு ஆள் தேடியது, சான்றிதழ் கேட்கவில்லை. மகள் சேர்ந்தாள். “படிச்ச படிப்புக்கேத்த வேலைதான்,” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா வயிற்றெரிச்சலோடு சொன்னாள்.

“அந்த மூணாவது ஆளுக்கும் ஊத்துறியா?” என்று கேட்டாள் ஒருநாள்.

“ஊத்தாம? அவரும் மரந்தானேம்மா.”

மூன்றாவது நாற்காலி, கைதட்ட வாகாக இரண்டு கிளைகளை நீட்டிக்கொண்டு செழிப்பாகத் தழைத்தது. நன்றியுரை இன்னும் நடக்கிறது. மேடையிலிருப்பவை எல்லாமே வருஷம் தவறாமல் பூக்கின்றன. இதுவரை ஒன்றும் காய்க்கவில்லை. அந்த வட்டாரத்தில் யாரும் அதை எதிர்பார்க்கவுமில்லை.