ஆட்வாட்டருக்கு ஒரு தனி கார்டு

நாற்பத்தொரு வருஷம் டெலிவிஷனில் முகம் காட்டியும் மெர்வின் ஆட்வாட்டரின் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் மட்டும் எல்லோருக்கும் தெரியும், அதுதான் வினை. பஸ்ஸில் எதிரே உட்காருகிற அம்மாள் ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க பேங்க்ல மேனேஜரா இருந்தீங்கதானே?" என்பாள். முதல் இருபது வருஷம் மறுத்துப் பார்த்தார். பிறகு, "ஆமா, உங்க லோன் அப்ளிகேஷனைத் தள்ளிவிட்டது நான்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். அந்த அம்மாள் திருப்தியோடு இறங்கிப் போவாள்.

பாதிரியாராகப் பதினொரு முறை, நீதிபதியாக ஏழு முறை நடித்திருந்தார். இன்ஸ்பெக்டருக்குக் கார் கதவைத் திறந்துவிடும் சார்ஜெண்ட் வேஷத்துக்குக் கணக்கே இல்லை. மூன்று தடவை பிணம். அதில் ஒன்றைத்தான் பத்திரிகைக்காரர் ஒருவர் "அடக்கமான நடிப்பு" என்று பாராட்டியிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் அவருடைய ஏஜெண்ட் பெரில் கேட்டரல் போன் செய்தாள். முப்பது வருஷமாக அவருக்கு வேஷம் தேடித் தருகிறவள்.

"உக்காந்துக்கிட்டு கேளு."

"உக்காந்துதான் இருக்கேன். நிக்கிற வேலை எதையும் நீ எனக்குக் குடுக்கலியே."

"ஆறு எபிசோடு. யார்க்ஷயர்ல பீர் ஆலை வச்சிருக்கிற குடும்பம். நீதான் பெரிய முதலாளி ஜோசையா. ஆறுலயும் வர்றே. கடைசியில சாகறே."

"சாகறதுன்னா மட்டும் என் ஞாபகம் வந்துடுது அவங்களுக்கு."

"குறுக்க பேசாதே. ஆரம்பத்துல தனி கார்டு."

தொடர் தொடங்கும்போது இசை முழங்க, திரை முழுக்க ஒரே ஒரு பெயர் வந்து நிற்குமே, அது தனி கார்டு. இதுவரை அவர் பெயர் முடிவில்தான் வந்திருக்கிறது, நாய் பழக்குபவருக்கு நாலு வரி மேலேயோ கீழேயோ. விருது, வீடு, மனைவி என்று மற்றவர்கள் எதை எதையோ சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். மெர்வின் விட்ட பெருமூச்செல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

இப்போது பெருமூச்சு விடவும் யோசிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நிபுணர் ஒருவர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "மார்ச்சுல டாஃபடில் பூக்கறதைப் பார்ப்பீங்க. ஜூன் மாச ரோஜாவுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். இதே மாதிரி சேதியை மெர்வின் டாக்டர் வேஷத்தில் ஒன்பது பேருக்குச் சொல்லியிருக்கிறார். டாஃபடிலுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தியிருக்க வேண்டும், இந்த ஆள் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தச் சேதி தனக்குத்தான் என்று உறைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

பெரிய வேஷமென்றால் இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டரின் கையெழுத்து வேண்டும். நடுவில் நடிகர் செத்துப்போனால் யார் நஷ்டம் தருவது என்பது அவர்கள் கவலை. மெர்வின் அரை மணி முன்னதாகவே போய், மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி, மேலே கழிப்பறையில் உட்கார்ந்து மூச்சைச் சேகரித்துக்கொண்டார். கன்னத்தில் லேசாகச் சிவப்பு தடவினார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தபடியே, "நானும் ஒரு வகையில உங்க ஆளுதான். எங்க ஊர் நாடக மன்றத்துல போன வருஷம் ராஜா வேஷம்" என்றார்.

மெர்வினுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அந்தக் கணத்தில் கொஞ்சம் வந்தது.

"அப்பவே நினைச்சேன். இந்தக் குரல் வெறும் டாக்டர் குரலா இருக்க முடியாதே. ரெண்டு வரி சொல்லுங்களேன்."

ராஜா ரெண்டு வரியோடு நிற்கவில்லை. மெர்வினின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே ராஜ்யத்தை இழந்து புலம்பினார். தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அடுத்தவன் நுரையீரல் எங்கே கேட்கும்?

"இருமல் உண்டா?"

"ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்தா உண்டு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொரு வருஷத்தில் மெர்வினின் மிகச் சிறந்த நடிப்பு அது. பார்த்த ஒரே ஆளும் தன்னுடைய நடிப்பில் மும்முரமாக இருந்தார்.

டெலிவிஷனில் கதையை வரிசையாக எடுப்பதில்லை. ஜோசையா சாக வேண்டிய மாளிகை படப்பிடிப்பின் முதல் இரண்டு வாரத்துக்குத்தான் கிடைத்தது. அதனால் ஜோசையா முதலில் செத்தார். பிறந்த ஊரை வாங்கியது, ஆலை கட்டியது, மகனை அடித்தது எல்லாம் டிசம்பரில். செத்தவர் அதுவரை உயிரோடிருக்க வேண்டும் என்பதுதான் மெர்வினின் பாடு.

டைரக்டர் டோபி லெஸ்ஸிங்ஹாமுக்கு முப்பத்துநாலு வயது. உண்மை என்ற சொல்லைச் சாப்பாட்டு வரிசையில்கூட உபயோகிப்பார். மரணப் படுக்கையில் மெர்வினுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. விலா நொறுங்குவது போல இருமி, கைக்குட்டையில் முகத்தைப் புதைத்தார்.

"கட். மெர்வின், டார்லிங், அற்புதம். ஆனா கொஞ்சம் நாடகத்தனமா இருக்கு. எங்க தாத்தா இதே வியாதியிலதான் போனார். இப்படியெல்லாம் இருமல."

"அப்படியா? எப்படி இருமினார்?"

டோபி இருமிக் காட்டினார். பூனை தும்முவது போலிருந்தது. மெர்வின் அப்படியே செய்ய முயன்றார், வரவில்லை. கடைசியில், இருமலை வேறொருவர் தொண்டையிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்வதாக முடிவானது.

அன்று சாயங்காலம் மேக்கப் போடும் டோரீன் சக்டன் பஞ்சால் அவர் முகத்தைத் துடைத்தாள். ஹாலிஃபாக்ஸ்காரி, வாய்த் துடுக்கு. சாவுக் களைக்காகக் கண்ணைச் சுற்றிப் பூசிய சாம்பல் நிறம் பஞ்சில் வந்தது. இரண்டாம் பஞ்சு சுத்தமாக வந்தது. முகம் மட்டும் அப்படியே சாம்பலாக இருந்தது.

"ஏன் கண்ணு, இது நான் பூசினது இல்லையே."

"நல்ல கம்பெனி பவுடர், டோரீன்."

"எங்கப்பா நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து நெஞ்சு கெட்டுப் போனவருங்க. இந்தப் பவுடர் எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியும்." பஞ்சைக் கூடையில் போட்டாள். "எத்தனை நாள் வேணும் உங்களுக்கு?"

"டிசம்பர் பதினாறு வரைக்கும், ஷூட்டிங் முடியற வரை. அதுக்கப்புறம் எதுவும் வேண்டாம்."

"நானா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கேட்டாங்கன்னா பொய்யும் சொல்ல மாட்டேன்."

யாரும் கேட்கவில்லை. அந்த உலகத்தில் யாரும் அடுத்தவரை அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி ஆலைக் காட்சி. நாற்பது வயது ஜோசையா முப்பத்திரண்டு மரப்படிகளைப் பாய்ந்து ஏறி, மேலே நின்று கூலிக்காரர்களைப் பார்த்துக் கத்த வேண்டும். தலைக்கு டோப்பாவும் இடுப்புக்குக் கச்சையும் கொடுத்திருந்தார்கள். மூச்சுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. முதல் தடவை ஏறினார். இரண்டாம் தடவையும் ஏறினார். கத்தவும் செய்தார்.

"பிரமாதம். ஜன்னல் பக்கம் ஒரு மேகம் வந்து வெளிச்சம் மாறிடுச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை, மெர்வின். உங்களால முடியுமில்ல?" என்றார் டோபி.

"ஏன் முடியாது?" என்றார் மெர்வின். ஆறு எபிசோடு, தனி கார்டு.

இருபத்து நாலாம் படியில் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பற்றியபடி மெல்ல உட்கார்ந்தார். வாய் திறந்திருந்தது, காற்று வரவில்லை. கீழே முப்பத்தைந்து பேர் நின்றார்கள். டைரக்டர் "கட்" சொல்லும் வரை யாரும் கேமரா முன்னால் போகக் கூடாது. அது அவர்களுடைய வேதம். டோபி சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி, "ஐயோ, என்ன உண்மை. இது ஸ்கிரிப்ட்லயே இல்லை. விடாதீங்க, ஓட்டுங்க" என்று கிசுகிசுத்தார். மெர்வினின் உதடு நீலம் பாய்வதை அத்தனை பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அரை நிமிஷம் போயிருக்கும். டோரீன் கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். "யாரது, ஷாட்டைக் கெடுக்கிறது?" என்று உதவி டைரக்டர் கத்தினான்.

ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பெரில் நான்காம் நாள் வந்தாள், திராட்சையும் ஒரு காகிதமும் எடுத்துக்கொண்டு. மெர்வின் மூக்கில் குழாய் இருந்தது.

"வேற ஆளா?" என்றார்.

"வேற ஆள்தான். முதல் அஞ்சு எபிசோடும் அவன். வயசு நாப்பத்தஞ்சு."

"படி ஏறுவானா?"

"ஓடறான்."

"என் சாவு?"

"அதை விட மனசில்லை அவங்களுக்கு. ரொம்ப நல்லா வந்திருக்காம். ஆறாவதுல கிழவன் ஆனதும் நீ." பெரில் காகிதத்தைப் பிரித்தாள். "ஆனா தனி கார்டு அவனுக்குப் போயிடுச்சு. உன் ஒப்பந்தத்துல தனி கார்டுன்னு நான்தான் அடிச்சுப் பிடிச்சு எழுத வச்சேன். அதை நீ விட்டுக்குடுத்தா உன் பேர் கடைசியில வரும். விட மாட்டேன்னா, படுக்கையில அவனுக்கே நரை முடி ஒட்டி மறுபடி எடுத்துடுவாங்க. நீ இருக்கவே மாட்டே."

"கடைசியில யாரோட?"

"வக்கீலா வர்றவன், நர்ஸா வர்றவ. நாய்க்காரன்."

"கடைசிப் பேரையெல்லாம் இப்ப மூலையில சின்னதாச் சுருக்கிடறாங்கல்ல?"

"சுருக்கறாங்க."

"மேலயே அடுத்த நிகழ்ச்சி என்னன்னு ஒருத்தன் பேசுவான்."

"பேசுவான்."

பெரில் ஆறுதலாக எதையும் சொல்லவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த ஒரு மரியாதை மிச்சமிருந்தது. பிறகு மெர்வின் கையை நீட்டினார். பெரில் பேனாவை விரலுக்கிடையில் செருகி, காகிதத்துக்கு அடியில் திராட்சைப் பெட்டியின் மூடியை வைத்துப் பிடித்தாள்.

கையெழுத்து பாதியில் வழுக்கி, கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

"வேற தாள் இருக்கா? இன்னொரு தடவை ஒழுங்காப் போடறேன்" என்றார்.

"இதுவே போதும்" என்று பெரில் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். லண்டன் ரயிலுக்கு நேரமாகியிருந்தது.