விரல் முளைத்த பாறை

உலக்கையைத் தோளில் சாய்த்து, சாமை இருந்த முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாதம்மாள் மேட்டில் ஏறினாள். கீழே வாழவந்தியில் அவள் அம்மா சின்னத்தாயியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சாவு மேளம் தொடங்கிவிட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மேட்டுப் பாறையில் வரிசையாக இருக்கும் உரல் குழிகள் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணுடையவை. மருமகளாக வருபவள் மாமியார் குழிக்கு அடுத்துத் தன் குழியைக் குத்தத் தொடங்குவாள். ஆயுசு போகப்போகக் குழி ஆழமாகும். அவள் செத்தால், அந்தக் குழியில் குத்திய சாமைதான் வாய்க்கரிசி. வேறு எதுவும் ஆகாது. குத்த வேண்டியவள் மகள்.

மாதம்மாளை நாகலூரில் கட்டிக்கொடுத்து வருடங்கள் ஆகின்றன. விடியலில் செய்தி வந்து, முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பாறைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

பாறையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. குழி ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைப் பெயிண்ட். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று விரல்கள் செதுக்கியிருந்தன. பலகையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். டைனோசர் காலடித் தடம். ஓரத்தில் இருந்த சின்னக் குழிக்குத் தனியாக ஒரு பலகை. உலகின் முதல் பாலூட்டி.

அவள் தம்பி சித்தன் மூச்சு வாங்க ஓடி வந்தான். வேலை பார்க்கும் லாட்ஜில் கொடுத்த காக்கிச் சட்டையோடு இருந்தான்.

"அக்கா, இங்க எதுக்கு வந்தே? ஊட்டுலயே உரல் இருக்குதில்ல."

"விரல் ஆரு வெச்சது?"

"லாட்ஜுக் கொத்தனாரு."

"நீ?"

"உளி எடுத்துக் குடுத்தேன்."

தங்க வந்த ஒருத்தர் இந்தக் குழிகளைப் பார்த்து, ஏதோ பழைய மிருகத்தின் கால்போல இருக்கிறதே என்றிருக்கிறார். லாட்ஜ் மேனேஜர் ஆறுமுகம் சித்தனைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார். தெரியலீங்க என்றான் சித்தன். அவ்வளவுதான் அவன் சொன்னது. அடுத்த வாரம் பேப்பரில் படம் வந்தது. அதற்கடுத்து விரல் வந்தது. சேலத்திலிருந்து வேன் வேனாக ஆள் வந்தார்கள். மிருகத்தைச் சினிமாவில் பார்த்த பிள்ளைகளுக்குக் காலடியையாவது நேரில் காட்ட வேண்டுமாம். சித்தனுக்குக் காட்டுகிற வேலை. ஊருக்கு உண்மை தெரியும். ஆனால் டீக்கடையில் வியாபாரம் நடந்தது. "ஏண்டா சித்தா, உங்கம்மா எப்படா முட்டை வெக்கும்?" என்று கேட்டுச் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"அம்மா பாத்துச்சா?" என்றாள் மாதம்மாள்.

"பாத்துச்சு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னும் அதுதான் சொல்லுச்சு. நீ சண்டைக்கு வருவே, எனக்கு வேலை போயிரும்னு."

"அப்பறம் சாமையை எங்க குத்துச்சு?"

"ஒண்டிக்கடையில இருக்கற அரவை மிசினுக்கு நானே கொண்டுபோய்க் குடுத்தேன்."

"தின்னுச்சா?"

சித்தன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

மேனேஜர் ஆறுமுகம் மேலே வந்தார். பின்னால் ஒரு வேன் கூட்டம். "ஏனுங்கம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எங்கக்காங்க," என்றான் சித்தன் மெதுவாக.

"அப்படிங்களா. விசயம் கேள்விப்பட்டேனுங்க, நொம்ப வருத்தம். பார்ட்டி முன்னாடியே சொல்லி வெச்சது, அரை மணி நேரந்தான். எடுக்கறதுக்கு மத்தியானம் ஆகுமில்லீங்க?"

மாதம்மாள் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். பெயிண்டில் எல்லாக் குழியும் ஒன்றுபோல் இருந்தன. குனிந்து ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தாள். ஒன்றில் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே விரல் அடியைத் தொட்டது. அம்மாவின் ஆழம். அங்கேயே நின்றாள். சாமையைக் கொட்டி உலக்கையைத் தூக்கினாள்.

"இந்தம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார் கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவர்.

ஆறுமுகம் சித்தனைப் பார்த்தார். மாதம்மாளும் பார்த்தாள்.

"மலைக்காரங்க சார்," என்றான் சித்தன். "இந்த மிருகத்தைக் காலங்காலமாக் கும்பிடறாங்க. படையலுக்கு மாவு இடிக்கறாங்க."

"கீழ மேளச் சத்தம்?"

"அதுக்குத்தான் திருவிழா சார்."

உலக்கை இறங்கியது. உமி பறந்தது. ஒரு சிறுமி ஓடிப்போய்ச் சின்னக் குழிக்குள் காலை வைத்துக்கொண்டு, "இது யாரு காலு?" என்றாள்.

"அதுதான் கண்ணு, மொத மொதல்ல குட்டி போட்டுப் பால் குடுத்தது. எலியாட்டம் இருக்குமாம்."

பாவாடை கட்டிய வயதில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாதம்மாள் குத்தத் தொடங்கிய குழி அது. ஆழமாவதற்குள் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

கண்ணாடிக்காரர் காமிராவை எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுப்பா."

"அக்..." என்று தொடங்கிய சித்தன் மாற்றிக்கொண்டான். "ஏம்மா, இப்படித் திரும்பு."

மாதம்மாள் திரும்பினாள். காமிராவைப் பார்க்கவில்லை. படம் எடுக்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தில் அள்ளி, புடைத்து எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மத்தியானம் வாய்க்கரிசிக்கு மகனைக் கூப்பிட்டார்கள். சித்தன் சட்டையைக் கழற்றி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தான். மாதம்மாள் முறத்தை நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அவன் அள்ளி, புறங்கையால் அம்மா வாயில் விட்டான். இரண்டாம் தடவை விட்டான். மூன்றாவதும் விட்டான்.

ரோட்டில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தன் திரும்பவில்லை. மறுபடியும் முறத்தில் கையை விட்டு அள்ளினான். மறுபடியும்.

"போதுஞ் சாமி," என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

வாய் நிறைந்து, சாமை கன்னத்தில் வழிந்து பாயில் விழுந்தது. மாதம்மாள் முறத்தைப் பிடித்தபடியே நின்றாள்.