மூன்றாவது வாரத்தின் ரோஸ் சீட்டு

1.

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. அழைப்பு எனக்கல்ல, அடுத்த மேஜை டீச்சருக்கு. நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டீச்சர் கல்நெஞ்சுக்காரி." பொய். இருபது வருடம் நர்ஸாக இருந்தவர். மதியச் சாப்பாட்டில் ஒரு பங்கை யாருக்காவது கொடுக்காமல் டப்பாவை மூடமாட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

பிறகு: "அன்று அலுவலகத்தில் டீச்சர் மட்டும்தான் இருந்தார்." இதுவும் பொய். நானும் இருந்தேன்.

2.

ஆறு வார ஆன்லைன் வகுப்பு அது. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித் தருவது. டீச்சர் திட்டம் போடுவார், நான் இணையதளத்தில் ஏற்றுவேன். சுவரில் ஒரு பெரிய தாள், வாரத்துக்கு ஒரு வரிசை. பார்க்கும் வேலைக்கு மஞ்சள் சீட்டு, எழுதும் வேலைக்கு நீலம், கூடிப் பேசப் பச்சை, செய்துகாட்ட ரோஸ். ஒருவருக்கு எழுத வரும், இன்னொருவருக்குக் கைவேலைதான் வரும். அதனால் எல்லா வாரத்திலும் எல்லா நிறமும் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நல்ல விதிதான்.

மூன்றாவது வாரப் பாடம், புண் வராமல் உடம்பைத் திருப்பிப் படுக்கவைப்பது.

"அக்கா, இந்த வாரத்துல ரோஸ் இல்லையே. தாள் மூளியா இருக்கு" என்றேன்.

"ஆமாடா. என்ன போடலாம்?"

"வீட்டுல படுத்திருக்கறவங்களத் திருப்பிப் படுக்க வெச்சு, வீடியோ எடுத்து அனுப்பட்டும். எல்லாரும் பாத்துக் கருத்து சொல்லட்டும்."

"நீ சொல்லிட்ட, நான் ஒட்டிட்டேன். புண்ணியத்துல ஆளுக்குப் பாதி" என்று சிரித்தார்.

(பாதி புண்ணியத்துக்கு ஆசைப்பட்டவன் பாவத்திலும்… இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

3.

அழைத்த அம்மாவைப் பற்றி என்ன சொல்ல? எனக்குத் தெரிந்தது குரல் மட்டும். டீச்சர் கத்தரிக்கோலும் கையுமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்த அம்மா நான்கு வருடமாக மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வகுப்பின் சான்றிதழ் கைக்கு வந்தால் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"டீச்சர், அந்த வீடியோதான்… எங்க மாமியாரு கூச்சப்படுவாங்க. டாக்டர் வந்தாலே போர்வைய இழுத்துக்குவாங்க. நாலு பேரு பாக்க நான் எப்படி எடுக்கறது?"

"முகம் தெரியாம எடுங்கம்மா."

"முகம் தெரியலன்னா அது அவங்க இல்லன்னு ஆயிடுமா டீச்சர்?"

கத்தரிக்கோல் நின்றது.

"தலகாணிய வெச்சு செஞ்சு காட்டட்டுமா? இல்ல எழுதித் தரட்டுமா? தப்புந்தவறுமாத்தான் எழுதுவேன். ஆனா ஒண்ணு விடாம எழுதிருவேன்."

"பாக்கறேம்மா. சொல்றேன்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "கட்டாயம்னு இருக்கறத, ஏதாவது ஒண்ணுன்னு மாத்த முடியுமாடா?"

"ஒரு பட்டன்தான் அக்கா. நாளைக்குப் பண்ணிடறேன்."

மறுநாள் நாங்கள் நான்காவது வாரத்துக்குப் பச்சை தேடிக்கொண்டிருந்தோம். நான் மாற்றியிருப்பேன் என்று அவர் நினைத்தார். மறுபடி ஒருமுறை சொல்வார் என்று நான் நினைத்தேன். கெடு முடிந்த அன்று இணையதளம் தானாகவே அந்த அம்மாவுக்கு எழுதியது: "நீங்கள் பங்கேற்கவில்லை."

அதன்பிறகு அவர் வரவில்லை. அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

4.

வகுப்பு முடிந்த பிறகுதான் டீச்சர் பழைய நீல வேலைகளைத் திருத்த உட்கார்ந்தார். இரண்டாவது வாரத்தில் அந்த அம்மா எழுதியிருந்தது:

"தொடறதுக்கு முன்னாடி கைய உரசி சூடாக்கிக்குவேன். என்ன செய்யப்போறேன்னு சொல்லுவேன். அவங்க சரின்னு தலையாட்டுற வரைக்கும் தொட மாட்டேன்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம பாட வீடியோவுல இது இல்லடா."

[இங்கே அந்த அம்மா மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்கும் காட்சியை எட்டு வரி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. படித்துப் பார்த்தபோதுதான், அவர் மறுத்த ரோஸ் வேலையை நானே செய்து வைத்திருப்பது தெரிந்தது. எடுத்துவிட்டேன்.]

பெரிய தவறுகளைக் கடவுள் மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன். செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் விட்ட சின்ன உதவிகளை என்ன செய்வாரோ, தெரியவில்லை.

5.

முடிவு. யோசித்த ஒன்றில் அந்த அம்மா எங்களை மன்னிக்கிறார். எனக்கான மன்னிப்பை நானே எழுதிக்கொள்வது திருட்டு. இன்னொன்றில் முதியோர் இல்லம் அவரைக் கூப்பிட்டு வேலை தருகிறது. அதற்காக வேண்டிக்கொள்ளலாம், எழுத முடியாது.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த வகுப்புக்கான தாளில், மூன்றாவது வாரக் கட்டத்தில் வீடியோ, தலையணை, எழுத்து என்று மூன்று சீட்டுகள். மேலே "ஏதாவது ஒன்று" என்று டீச்சர் எழுதியிருக்கிறார். அன்றே பட்டனை அழுத்திவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அந்த அம்மாவின் மூன்று வாக்கியங்களைப் பாடத்தில் சேர்க்க டீச்சருக்கு ஆசை. எனக்கோ இந்தக் கதையில். "கேக்காமத் தொடக் கூடாதுடா. நீயே பேசு" என்றார்.

அந்த அம்மாவின் எண் என் முன்னால் இருக்கிறது. என்ன பேச என்று தெரியாமல் உள்ளங்கைகளை உரசிக்கொண்டிருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் நான்காவது பகுதியிலிருந்து அந்த வாக்கியங்களை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். அதற்கு மேல் என்ன நடந்ததென்று நான் எழுதப்போவதில்லை. அவை அங்கே இருக்கின்றனவா என்று நீங்களே திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.