வேலியோரத்துக் கிறிஸ்துமஸ் ரோஜா

…அதுவும் இப்போது அவள் சேர்ந்து வாழும் அந்த ஹென்னிங்கின் தோட்டத்துக்கு, போயும் போயும் இந்தச் செடிதானா கிடைத்தது அவளுக்கு, சோபாவை வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகட்டுமே என்று அடுக்களை ஜன்னலோரம் நின்று அஸ்கெர் பொருமிக்கொண்டிருந்தான், கையில் காபி ஆறிப்போயிருந்தது. வெளியே அவன் மனைவி விபெக்கே, மனைவியாக இருந்தவள், அந்தத் திருத்தம் இன்னும் மனதில் படியவில்லை, வேலியோரம் சேற்றில் முழங்காலிட்டுக் கிறிஸ்துமஸ் ரோஜாவைச் சுற்றி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பேர்தான் கிறிஸ்துமஸ், இந்த வீட்டில் அது பூப்பதென்னவோ பிப்ரவரியில், பனி பாதி உருகி, வானம் வாரக்கணக்கில் ஈயமாய்க் கிடக்கும்போது, வேறெதுவும் தலைகாட்டத் துணியாத நாட்களில், வெள்ளை வெள்ளையாய்… மகன் மால்தே பிறந்த வருஷம் வைத்த செடி. "அப்பா, இதுக்குக் குளிராதா?" என்று தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தானே, அப்போது அவனுக்கு நாலு வயதா, ஐந்தா? பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளோடு… வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், முதலில் இவளைத் தடுக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. "வேரு ஆழமா போயிருக்கும், பிடுங்கினா செத்துரும்," என்றான். "தெரியும்," என்றாள் அவள், திரும்பாமலே. "தெரிஞ்சுமா? ஏன், ஹென்னிங்குக்குக் கடையில ஒரு செடி வாங்க வக்கில்லையா?" அவள் மண் அப்பிய கையோடு நிமிர்ந்தாள். "ஹென்னிங்குக்கா? புத்தி போறதப் பாரு. மால்தேகிட்ட வைக்கப்போறேன். இந்த மாசத்துல அங்க ஒண்ணுமே பூக்கல, மொட்டையா கெடக்கு."

கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அடக்கத்துக்குப் பிறகு அவன் அங்கே போகவே இல்லை, இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒன்று, கூரை ஒழுகியது, கார் மக்கர் செய்தது, சளி பிடித்தது… இத்தனை நாளும் இவள் தனியாகவா போய் வந்தாள்? ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "மத்தியான வெயில் ஆகாது அதுக்கு. மரத்தடியா பாத்து வை," என்றான்.

"அங்க மரம் இருக்கா அஸ்கெர்?"

குத்தலாகக் கேட்கவில்லை அவள், சும்மாதான் கேட்டாள், அதுதான் தாங்கவில்லை. அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மறுபக்கம் இறக்கினான், ஒரு வேர் பட்டென்று அறுந்தது, மரம்… அன்று மழை பெய்தது, பெட்டியை இறக்கிய கயிறு ஞாபகம் இருக்கிறது, தன் ஷூவில் ஒட்டிய களிமண் ஞாபகம் இருக்கிறது, மரம் மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை, அங்கே மரமே இல்லையா, இல்லை தான்தான் கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லையா…