பிஞ்சு விலை

பெங்களூர் முதலீட்டுக் கம்பெனி ஒன்றின் சார்பில் பணம் போட வந்திருந்த ரூபாவுக்கு நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே முடியவில்லை. முந்தின நாள் அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குப் போய் வந்ததில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிக் கிடந்தன. தாட்சாயணி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "காலத் தூக்கி இதும்மேல வச்சுக்கோங்க, வெக்கப்படாதீங்க" என்றாள். கால் நீட்டி உட்கார்ந்தவளிடம் கறாராகப் பேரம் பேசக் கூடாது என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற வழியில், ஒரு காலத்தில் கிரானைட் அறுத்த பழைய கொட்டகைதான் 'நகரி லாஞ்ச்' கம்பெனி. சின்னச் சின்ன செயற்கைக்கோள்களைச் சுமந்து போகிற ராக்கெட் செய்கிற இடம். தலைவர் நாற்காலி தாட்சாயணியின் தம்பி பரணிக்கு. கணக்கு, கஜானா, சண்டை மூன்றும் தாட்சாயணிக்கு.

வானத்து வியாபாரத்தை அரசாங்கம் தனியாருக்கும் திறந்துவிட்ட புதிதில், பரணி அரசாங்க ராக்கெட் மையத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டான். கோழி மேய்த்தாலும் கோர்ணமெண்டில் மேய்க்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தாட்சாயணி மட்டும் மஸ்கட்டில் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவளுக்கு ஒரே ஒரு வைராக்கியம். தன் தம்பி எவனுக்கும் கீழே கைகட்டி நிற்கக் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. புத்தூர் பக்கம் அவர்களுக்குப் பெங்களூரா ரக மாந்தோப்பு ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்களுடைய அப்பா, அவர்கள் வாயில் நைனா, அதை ஐந்து வருஷக் குத்தகைக்கு விட்டார், முதல் வருஷ விலையையே ஐந்து வருஷத்துக்கும் பேசி. அடுத்த வருஷமே வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டின் கதவு திறந்தது. சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் பேக்டரிகள் முளைத்தன, கூழ் டின் டின்னாக வளைகுடாவுக்குக் கப்பலேறியது, காய் விலை இரண்டு மடங்கு ஆனது. லாபம் முழுக்கக் குத்தகைக்காரனுக்கு. நைனா தன் தோப்புக்குத் தானே கூலிக்குக் காவல் நின்றார். அந்தக் காட்சிதான் தாட்சாயணியைக் மஸ்கட்டுக்கு அனுப்பியது.

இப்போது கம்பெனிக்குத் தேவை தொண்ணூறு கோடி. ராக்கெட் வியாபாரத்தின் வயிற்றெரிச்சலே அதுதான். இட்லிக்கடை போட்டால் காலையில் மாவு, மாலையில் காசு. இங்கேயோ வருஷக்கணக்கில் செய்து, சோதனைக்கென்று ஒவ்வொன்றாகக் கடலில் போட்டு, அதன் பிறகுதான் முதல் காசு வரும். அதுவரைக்கும் அறுபது பேருக்குச் சம்பளம் போட வேண்டும். கையிருப்பு சங்கராந்தி வரைக்கும்தான் தாங்கும்.

"நூறு பங்குக்கு முப்பது குடுங்கக்கா, தொண்ணூறு கோடி போடறோம்" என்றாள் ரூபா. சொந்த ஊர் ஆந்திர எல்லையில் மாந்தோப்பு சூழ்ந்த குப்பம். தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசுவாள்.

தாட்சாயணி சிரித்தாள். "குப்பத்துக்காரங்களுக்கு நான் மாங்கா கணக்கு சொல்லணுமா? பூவுல குத்தகை பேசினா ஒரு வெல, பிஞ்சுல பேசினா ஒரு வெல, பழத்துல பேசினா ஒரு வெல. எஞ்சின தரையில கட்டிப்போட்டு எரிச்சமே, அன்னிக்கு வந்திருந்தீங்கன்னா பூ வெலைக்குக் குடுத்திருப்பேன். மூணு வாரத்துக்கு முன்னால எங்க ராக்கெட்டு வானத்தத் தொட்டுட்டு, சொன்ன எடத்துல கடல்ல வந்து விழுந்துச்சு. இது பிஞ்சு. பூ உதிர்ற பயம்லாம் முடிஞ்சு போச்சு."

"பிஞ்சும் உதிரும்க்கா. இன்னும் ஒரு சாட்டிலைட்டைக் கூட மேல சுத்த விடல நீங்க."

"அதனாலதான் பதினெட்டு சொல்றேன். பழத்துல வந்தா எட்டுகூட கெடைக்காது."

ரூபா சண்டை பிடிப்பாள் என்று தாட்சாயணி வரிந்து கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ரூபா செல்போனைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், "சரே, பதினெட்டுக்கு ஒத்துக்கறோம்" என்றாள். அவ்வளவு சுலபமாகப் பேரம் படிந்தது தாட்சாயணிக்குச் சப்பென்றிருந்தது.

"ஒரு கண்டிஷன் இருக்குக்கா. ஒண்ணே ஒண்ணு." ரூபா குரலைத் தாழ்த்தினாள். "பரணி தலைவரா இருக்கக் கூடாது. எஞ்சின், டிசைன் எல்லாம் அவர் கைல இருக்கட்டும். நாற்காலி வேற ஆளுக்கு."

தாட்சாயணிக்கு முகம் சுருங்கிப்போனது. "அவன் இல்லன்னா இந்தக் கொட்டகையில கரப்பான்பூச்சிதான் இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா சிங்கப்பூர் கம்பெனிக்கு அஞ்சு ராக்கெட்டையும் முதல் ராக்கெட் ரேட்டுக்கே எழுதிக் குடுத்துட்டாரே. முதல்ல போறதுல சாட்டிலைட்டை ஏத்தவே எல்லாரும் பயப்படுவாங்க, அதுக்குச் சலுகை குடுக்கலாம். அஞ்சாவதுக்கும் அதே ரேட்டா? வெல சொல்ற வேலை அவருக்கு வேணாம்."

அந்த ஒப்பந்தத்தைப் பார்த்த அன்று செத்துப்போன நைனாவே எழுந்து வந்து கையெழுத்துப் போட்டதுபோலத் தாட்சாயணிக்கு இருந்தது. ஆனாலும் தம்பியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "இருபத்தஞ்சு எடுத்துக்கோங்க" என்றாள். "அவன் நாற்காலிய மட்டும் விட்டுடுங்க."

"வேணாம்க்கா."

"முப்பது. நீங்க கேட்டது."

ரூபாவின் முகத்தில் ஆசை வந்து போனது நன்றாகவே தெரிந்தது. கூடவே ஒரு தவிப்பு. "வேணாம். பதினெட்டே போதும். கண்டிஷனை மட்டும் ஒத்துக்கோங்க, ப்ளீஸ்" என்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவள் தாட்சாயணி. வந்த காசைத் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துத் தொங்குகிற வியாபாரியை எந்த மண்டியிலும் பார்த்ததில்லை.

அவர்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் ஒரு வழக்கம் உண்டு. பையனுக்குப் பெண்ணைப் பிடிக்காது. பார்த்து முடித்த பெரியவர்கள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல வாயும் வராது. ரகசியமாகப் பெண் வீட்டுக்கே ஆள் விட்டு, நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க சாமி என்று கெஞ்சுவான். அவர்களும் ஜாதகத்தில் ஏதோ ஒரு குறையைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். இரண்டு பக்கத்து மரியாதையும் மிஞ்சும்.

"ரூபாம்மா" என்றாள் தாட்சாயணி. "இது உங்க கண்டிஷன் இல்ல. யாரு சொல்லச் சொன்னது?"

ரூபா சட்டென்று கால்வலியை நினைத்துக்கொண்டு கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். அதுவே போதுமான பதிலாக இருந்தது.

கொட்டகையின் பின்பக்கத்தில் பரணி ஒரு எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். செருப்புச் சத்தத்திலேயே அக்கா என்று தெரிந்திருக்க வேண்டும், முடுக்குவதை நிறுத்திவிட்டான்.

"வெளிய வாடா."

வந்தான். நாற்பதை நெருங்குகிற ஆள், ஸ்பானரைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"போன வாரம் பெங்களூருக்குப் போனது வால்வு வாங்கறதுக்கா?"

"வால்வும் வாங்கனேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா? நான் இன்னா உன்ன கட்டி வச்சு அடிக்கிறேனா? யாரோ ஒரு பொண்ணு வாயால கேக்க வச்சியே!"

பரணி ஸ்பானரைக் கீழே வைத்தான். "எப்படிக்கா சொல்றது? நீ துன்னாம கொள்ளாம சேர்த்த காசு. என் தம்பி யாருக்கும் கீழ நிக்க மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற. எனக்கு அந்த நாற்காலியே ஆகலக்கா. எவனாவது சிரிச்சுப் பேசினா வெலய கொறச்சிடறேன். சிங்கப்பூர்காரன் பிரியாணி வாங்கிக் குடுத்தான், அஞ்சு ராக்கெட்டயும் குடுத்துட்டு வந்துட்டேன். அறுவது பேரு சம்பளம்னு நெனச்சா ராத்திரியே எழுந்து இங்க வந்துடறேன். எஞ்சினுக்கு அடியில படுத்தாதான் எனக்கு மூச்சே வருது."

தாட்சாயணிக்குக் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே துக்கம் வந்தது. நைனா இழந்ததை மீட்டுத் தம்பி கையில் கொடுத்துவிட்டதாக இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள். அது உனக்கு வேண்டுமா என்று அவனை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. மஸ்கட் வெயிலில் அவள் கனவு கண்ட முதலாளி நாற்காலியில் அவன் முள்மேல் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருக்கிறான்.

"அப்ப யாரு உக்கார்றது? பெங்களூர்லருந்து கோட்டுப் போட்டவன் ஒருத்தன் வருவான். அவனுக்குக் கீழ நீ நிப்ப. அதுக்கா இவ்ளோ பாடு?"

"நீ உக்காரு. ரூபாகிட்டயும் அததான் சொன்னேன்."

"நானா? எனக்குக் கீழயாடா நிப்ப?"

பரணி முதல் முறையாகச் சிரித்தான். "பொறந்ததுலருந்து அங்கதானக்கா நின்னுக்கினு இருக்கேன். ஒரு நாளாவது காலு வலிக்குதுன்னு சொன்னனா?"

தாட்சாயணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவன் பார்க்கிறானே என்று கூச்சப்படவும் இல்லை. "கண்டவன் பிரியாணி வாங்கிக் குடுத்தா துன்னுட்டு வா. வாயத் தொறந்து வெல சொன்ன, அவ்ளோதான்" என்றாள். "அந்த அஞ்சு ராக்கெட்டு குடுத்த வாக்கு, அத மாத்த முடியாது, அஞ்சையும் ஒழுங்கா அனுப்பறோம். ஆறாவதுலருந்து வெலய நான் பாத்துக்கறேன். போ, போய்ப் படு."

அவன் அடுத்த நிமிஷமே எஞ்சினுக்கு அடியில் நுழைந்துவிட்டான். தாட்சாயணி முன்னறைக்குத் திரும்பினாள். ரூபா ஒப்பந்தத் தாள்களை மேஜையில் பரப்பி, பேனாவையும் எடுத்து வைத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. அவர் அவ்வளவு கெஞ்சினாரு" என்றாள்.

"பரவால்ல. நாற்காலியில இனிமே நான்தான். உங்க கண்டிஷன் முடிஞ்சுது."

"ரொம்ப சந்தோஷம். அப்ப பதினெட்டுக்கு சைன் பண்ணிடலாமா?"

தாட்சாயணி தாள்களை ஒழுங்காக அடுக்கி, ரூபா பக்கமாகத் திருப்பித் தள்ளினாள்.

"அஞ்சு ராக்கெட்ட ஒரே வெலைக்கு வித்தவன் நடத்தின கம்பெனிக்குத்தான் பதினெட்டு. அந்தக் கொறை போயிடுச்சே, நீங்களே சொல்லிதான போச்சு" என்றாள். "நான் நடத்தற கம்பெனிக்குப் பதினாலு. இப்ப சொல்லுங்க."